கல்லாவிச் சந்தையில் எடுத்த மாப்பிள்ளை

...அதனாலதான் எதிர் வீட்டுக்காரி என்கிட்ட பேசறதில்ல. நீ குடிவந்து ஒரு மாசம்கூட ஆகல, உனக்கு எப்படித் தெரியும் கண்ணு. சொத்துத் தகராறுன்னு நெனைச்சிருப்ப. இல்ல. குழாயில தண்ணி பிடிக்கிற தகராறும் இல்ல. அவ வீட்டுக் கோழிக்கும் என் வீட்டுச் சேவலுக்கும் ஒரே ரத்தம்னு ஒரு படிச்ச பொண்ணு வந்து சொல்லிட்டா. அதுல வந்த சண்டை.

அவ எனக்கு ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. ஆனேக்கல் பக்கத்துப் பொண்ணு. நல்லா இருக்கும்போது தமிழ் பேசுவா, கோபம் வந்தா கன்னடத்துக்குப் போயிடுவா. இப்ப ரெண்டும் இல்ல. நாலு மாசமா ஊமை.

நிக்காத, உக்காரு. அந்த மூட்டை மேலயே உக்காரு. சிமெண்டு மூட்டைதான், சேலையை மட்டும் பார்த்துக்கோ. நான் இந்தக் கேழ்வரகைப் புடைச்சுகினே சொல்றேன். அந்த மூட்டையெல்லாம் என் மகன் எறக்கி வச்சது. இந்த வாசல் பூரா சிமெண்டு போடணுமாம். ஆறு வீடு வாடகைக்கு விட்டிருக்கான், ஆறு வீட்டுக்கும் வண்டி இருக்குது, நிறுத்த எடமில்லையாம். அதுவுமில்லாம என் கோழிங்க வண்டி சீட்டு மேல ஏறி உக்காந்து அசிங்கம் பண்ணுதாம். உன் வீட்டுக்காரரும் சொன்னாராமே? பரவாயில்ல. நெசத்தைத்தான சொன்னாரு.

அதோ அந்த மூலையில கூடையைக் கவுத்து வச்சிருக்கேன் பாரு. அதுக்குள்ள ஒரு பொட்டை அடையில உக்காந்திருக்குது. இன்னிக்கோ நாளைக்கோ குஞ்சு பொரிக்கணும். என் மகன் ஷிப்டுக்குக் கெளம்பும்போது கம்பெனி பஸ்ஸுல ஒரு காலை வச்சுகினே சொன்னான். "யம்மா, இந்த ஒரு அடை பார்ப்பேன். இதுவும் கூமுட்டையா போச்சுன்னா கோழிங்களைச் சந்தைக்கு ஏத்தி விட்டுடுவேன், மேஸ்திரியை வரச் சொல்லிடுவேன்." அப்படியே பஸ் போயிடுச்சு. அதனால இந்தக் கூடையில இருக்கிறதுதான் எனக்கு இப்ப எல்லாம். பொரிச்சா கோழிங்க இருக்கும். பொரிக்கலன்னா நீ உக்காந்திருக்கிறது வாசலுக்குப் போயிடும்.

அந்தப் பொண்ணைச் சொன்னேனே. பொங்கல் கழிஞ்சு வந்தா. ஸ்கூட்டியில, பின்னாடி ஒரு ஐஸ் பொட்டியைக் கட்டிகினு, மூஞ்சியில மாஸ்க்கு. ஐஸ்காரின்னு நெனைச்சு நாலு பிள்ளைங்க ஓடி வந்துடுச்சுங்க. பொட்டியைத் திறந்து காட்டினா, உள்ள சின்னச் சின்னக் குப்பி. பிள்ளைங்க அப்படியே திரும்பிப் போயிடுச்சுங்க.

"ஆயா, நான் மாட்டு டாக்டருக்குப் படிச்சுட்டு இப்ப மேல்படிப்பு படிக்கிறேன். நாட்டுக்கோழிங்களோட ரத்தத்தைப் பார்த்து, எது எதுக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம்னு கண்டுபிடிக்கிற படிப்பு."

"கோழிக்குச் சொந்தம் பார்க்கறதுக்கா படிக்கிற?"

"ஆமா ஆயா."

"எத்தனை வருசம்?"

"மூணு."

எங்க ஊர்ல மனுசங்களுக்கே அதை ரேஷன் கடை வரிசையில நின்னுகினே பார்த்து முடிச்சிடுவாங்க. சரி, கோழி வாயைத் திறந்து சொல்லாது, அதனால நேரம் பிடிக்கும்னு நெனைச்சுகினேன். தண்ணி கேட்டா, குடுத்தேன். வீட்டுக்கு ஒரு கோழி, றெக்கைக்கு அடியில ஊசியால துளி ரத்தம், அவ்வளவுதான், கோழிக்கு ஒண்ணும் ஆகாதுன்னா. ஆனா ஒண்ணு, எந்தக் கோழியும் இன்னொண்ணுக்குச் சொந்தமா இருக்கக் கூடாதாம். வேற வேற ரத்தமா எடுத்தாதான் அவ படிப்புக்கு ஆகுமாம்.

அதுக்குள்ள டீக்கடையில, பறவைக் காய்ச்சலாம், கவர்மெண்ட்ல கோழியைப் பிடிச்சுப் பொதைக்கறாங்களாம்னு ஆரம்பிச்சிட்டாங்க. வாசல்ல மேஞ்சுகினு இருந்த கோழி ஒண்ணையும் காணோம். ஊரே கோழி வளர்க்காத ஊர் மாதிரி ஆயிடுச்சு. எதிர் வீட்டுக்காரி தன் பொட்டையைத் துணி துவைக்கிற மெஷினுக்குள்ள விட்டு மூடியைச் சாத்திட்டா. நாங்க போய் நிக்கறோம், உள்ள இருந்து கொக்கொக்குன்னு சத்தம்.

"என்னாடி சத்தம்?"

"மெஷினு ரிப்பேரு யக்கா."

"முட்டை வச்சிட்டா சரியாயிடும், திற" ன்னேன். அந்தப் பொண்ணு மாஸ்க்குக்குள்ள சிரிச்சா, கண்ணுல தெரிஞ்சுது.

நான் கூட வந்து, என் கோழியைப் பிடிச்சுக் குடுத்து, ஒண்ணும் ஆகலன்னு காட்டினப்புறம்தான் ஒவ்வொருத்தரா எடுத்துகினு வந்தாங்க. கட்டிலுக்கு அடியிலேருந்து, வாளிக்கு அடியிலேருந்து, ஒருத்தர் பைக் கவருக்குள்ள இருந்து. "எடுக்கற ரத்தத்தை யாருக்கும்மா ஏத்தப் போற?" ன்னு டீக்கடைக்காரர் கேட்டாரு. "உங்களுக்குத்தான் மாமா, விடிகாலையில எழுப்பி விடும்" ன்னு எவளோ கூட்டத்துல சொன்னா. அந்தப் பொண்ணு எதையும் காதுல வாங்காம, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே கேள்வி. "இந்தக் கோழி பக்கத்து வீட்டுக் கோழிக்குச் சொந்தமா?"

எல்லாரும் இல்லன்னுட்டாங்க. நானும்தான் சொன்னேன்.

பொய் இல்ல கண்ணு. நீ தெற்குப் பக்கத்துப் பொண்ணு, உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது. எங்களுக்கு வாரம்னு ஒண்ணு இருக்குது. கோழி இல்லாத வீட்டுக்கு ஒரு பொட்டையை வளர்க்கக் குடுப்போம். அது முட்டை வச்சு, அடை கெடந்து, குஞ்சு வளந்ததும் ஆளுக்குப் பாதி. அவங்க பங்குக்கு வந்துட்டா அது அவங்க வீட்டுக் கோழி. அதுக்கப்புறம் இங்க வந்தா நானே கம்பை எடுத்துத் துரத்துவேன். பொண்ணைக் கட்டிக் குடுத்தா அவ குலதெய்வமே மாறிடுதில்ல? கோழிக்கு மட்டும் என்னா? வீடு மாறினா வேற வீட்டுப் பொருள். அப்படித்தான் நாங்க கணக்கு வச்சிருந்தோம். என் வீட்டுப் பொட்டை வேற, அவ வீட்டுச் சேவல் வேற, தாராளமா சேரலாம்னு.

ஏழெட்டு வீடு முடிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு ஒரு கோழியோட காலைப் பிடிச்சுகினு ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் விட்டுட்டு, முன்னாடி எடுத்த வீட்டுக் கோழியைத் திரும்பக் கொண்டாரச் சொல்லிப் பார்த்தா. அப்புறம் அதுக்கு முன்னாடி வீடு. கடைசியில என் வீட்டுக்கு வந்து என் பொட்டையைத் தலைகீழாப் பிடிச்சா.

நீயும் பார்த்திருப்ப. கோழிக்கு முன்னாடி மூணு விரல், பின்னாடி ஒண்ணு, மொத்தம் நாலு. எங்க ஊர்க் கோழிக்குப் பின்னாடி ரெண்டு.

"ஆயா, இந்த அஞ்சாவது விரல்..."

"ராசி."

"எல்லா வீட்டுலயும் இருக்கே."

"ராசியான ஊரு."

அவ மொகம் வாடிப் போச்சு. இதோ இந்தக் கல்லு மேல உக்காந்துட்டா. "ஆயா, இந்த ஊருக்கு இந்தக் கோழி மொதமொதல்ல எங்கேருந்து வந்துச்சு?" ன்னா. எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு வருசத்துல என்னை யாருமே கேக்காத கேள்வி.

"நான் கல்யாணமாகி வரும்போது எங்கம்மா கூடையில வச்சுக் குடுத்தாங்க. அதை நான் வாரத்துக்கு விட்டு, அவங்க இன்னொருத்தருக்கு விட்டு, இப்படியே ஊரெல்லாம் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருந்த கோழியெல்லாம் ஒரு சீக்குல செத்துப் போச்சு."

"உங்கம்மாவுக்கு எங்க கிடைச்சுது?"

"எங்கம்மா கல்யாணமாகிப் போகும்போது எங்க பாட்டி குடுத்தது."

"பாட்டி எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

அவ தலையைத் தூக்கினா. "அப்ப நீங்க..."

"நான் கட்டினது என் தாய்மாமனை. கோழியும் என்னோடவே தாய்மாமன் வீட்டுக்கு வந்துச்சு."

இன்னொரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சா. அப்புறம் மெதுவா, "ஆயா, மனுசங்களுக்கும் அது அவ்வளவு நல்லதில்ல" ன்னா.

"இப்ப சொல்லி என்னா பண்றது, அவரு போய்ச் சேர்ந்தே ரொம்ப நாளாச்சே" ன்னேன்.

பாவம், அவ எடுத்த குப்பியெல்லாம் வீண். ஒரே ரத்தத்தை ஊர்ப்பட்ட குப்பியில ஊத்தி வச்ச மாதிரி ஆயிடுச்சாம். அழல. மத்தியானம் ஆயிடுச்சு, களியும் கீரையும் வச்சேன், நல்லா சாப்பிட்டா. சாப்பிட்டுகினே சொன்னா. தலைமுறை தலைமுறையா ஒரே ரத்தத்துக்குள்ள சேர்ந்துகினே இருந்தா முட்டை கூமுட்டையாகும், குஞ்சு நோஞ்சானா வரும், ஒரு சீக்கு வந்தா மொத்தமா விழும். நாலு விதமான ரத்தம் கலந்திருந்தா, ஒண்ணு விழுந்தாலும் ஒண்ணு தாங்கி நிக்கும்.

எனக்குக் கையில இருந்த களி அப்படியே நின்னு போச்சு. என் வீட்டுல ஒரு வருசமா அதுதான நடக்குது? ஒரு கூடை முட்டை வச்சா மூணு பொரிக்குது. அதுல ரெண்டு நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி விழுது. நான் கல்லு குவாரி வெடியாலன்னு நெனைச்சுகினு இருந்தேன். இடி இடிச்சா அடைமுட்டை கெட்டுப் போகும்னு கூடையில கரித்துண்டும், ஆணியும், காஞ்ச மொளகாயும் வைப்போம். குவாரியில வைக்கிற வெடி இடியை விடப் பெருசு, அதனால ஒரு ஆணிக்கு மூணு ஆணி வச்சேன். அப்பவும் பொரிக்கல. நேரா குவாரிக்கே போய் வெடி வைக்கிற ஆள்கிட்ட, "உன் வெடியில என் முட்டையெல்லாம் கெடுது, பதில் சொல்லு" ன்னு நின்னுட்டேன். அந்த ஆளு பயந்துட்டாரு. கடையில நாலு முட்டை வாங்கிக் கையில குடுத்து அனுப்பினாரு. வெள்ளை முட்டை, பண்ணையில வைக்கிறது. அதை அடை வச்சா ஆணி எத்தனை வச்சாலும் பொரிக்காது. ஆம்லேட் போட்டுட்டோம்.

இப்பதான சண்டைக்கு வரேன். அந்தப் பொண்ணு கெளம்பும்போது, "இந்த ஊருக்கு ஒரு கோழி ரத்தம் போதும், ஆயா வீட்டுதை மட்டும் எடுத்துக்கறேன்" ன்னா. காலையில கோழியை ஒளிச்சு வச்ச ஊரு, இப்ப அத்தனை பேருக்கும் ரோசம் வந்துடுச்சு. ஆளாளுக்குக் கோழியைத் தூக்கிகினு வந்து, "எங்களுதை எடு, எங்களுதை எடு" ன்னு நிக்கறாங்க. எதிர் வீட்டுக்காரி மெஷினுக்குள்ள இருந்ததைத் தூக்கிகினு முன்னாடி வந்தா.

"இது அந்த ஆயா வீட்டுக் கோழிக்குத் தங்கச்சிதாங்க, ரெண்டும் ஒண்ணுதான்" ன்னு அந்தப் பொண்ணு தன்மையாத்தான் சொன்னா.

"தங்கச்சியா? யாரு யாருக்குத் தங்கச்சி? வாரத்துல வந்து என் வீட்டுல பொரிச்சு என் வீட்டுல வளந்தது! அவ வீட்டு ரத்தம் ஐஸ் பொட்டியில போகும், என் வீட்டு ரத்தம் மெஷினுல கெடக்கணுமா?"

"அப்படி இல்லைங்க..."

"நம்ம கோளிகே ஏனு கம்மி?"

கன்னடத்துக்குப் போயிட்டா. இனிமே பேசறது வீண்னு எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம். "கம்மி ஒண்ணுமில்லடி, என் சேவலும் உன் பொட்டையும் அண்ணன் தங்கச்சின்னு சொல்லுது, அவ்வளவுதான்" ன்னேன். என் சேவலும் அவ பொட்டையும் அவ வாசல்லயே குடித்தனம் பண்றதை ஊரே பார்த்திருக்குது. அவளுக்கு எப்படி இருக்கும்? அன்னிக்குச் சாத்தின வாய்.

என் கோழி ரத்தம் ஐஸ் பொட்டியில ஹைவேல போனதை நின்னு பார்த்தேன். அது இங்க கூரை மேல உக்காந்துகினு இருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியல.

அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னா. "ஆயா, உங்க சேவலை எடுத்துடுங்க. சொந்தமில்லாத சேவல் ஒண்ணு தூரத்துலேருந்து கொண்டாங்க. அது வந்தாலும் உடனே அடை வைக்காதீங்க, ஒரு மாசம் போகட்டும். பழைய சேவலோட விந்து அதுவரைக்கும் பொட்டைக்குள்ள இருக்கும்."

பழைய சேவலுக்குக் கவலையில்ல. அதை முனியப்பனுக்கு நேர்ந்து விட்டிருந்தேன், மாசியில பூசை வச்சோம். அஞ்சு விரலும் சேர்த்து. வயசான சேவல், வேகறதுக்குத்தான் நேரமாச்சு, கொழம்பு நல்லா இருந்துச்சு.

புது மாப்பிள்ளைக்கு எங்க போறது? இந்த ஊர்ல எல்லாம் பங்காளி. சூளகிரியில என் நாத்தனாரு இருக்கா, அவ கல்யாணத்துக்குக் கூடையில கோழி குடுத்தது நான்தான். காவேரிப்பட்டணத்துல என் மகளைக் குடுத்திருக்குது, அவளோடவும் போச்சு. யோசிச்சுப் பார்த்தா எங்கெங்க பொண்ணு குடுத்தோமோ அங்கெல்லாம் கோழியும் குடுத்திருக்கோம். பொண்ணு குடுக்காத ஊரு எதுன்னு பார்த்தேன். கல்லாவி. அங்க எங்களுக்கு ஒரு நாய்கூடத் தெரிஞ்சது இல்ல. சரி, அதான் நல்ல ஊருன்னு கெளம்பிட்டேன்.

பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸு ஃப்ரீதான, மாறி மாறிப் போய் எறங்கறதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு. சந்தையில ஒருத்தி நாலஞ்சு சேவலைக் காலைக் கட்டிப் போட்டுகினு உக்காந்திருந்தா. ஒண்ணு செவப்புச் சேவல், வாலு கறுப்பு, நெஞ்சை நிமித்திகினு நிக்குது பாரு, பஞ்சாயத்துத் தலைவர் தோத்தாரு. மொதல்ல காலைத்தான் பார்த்தேன். நாலு விரல். மனசுக்குள்ள தாலியே கட்டிட்டேன்.

"நல்ல சேவலும்மா" ன்னா அவ. "இதோட ஆத்தா இன்னும் என் வீட்டுல இருக்குது. ராசியான கோழி. அதுக்கு அஞ்சு விரலு."

"என்னாது?"

"அஞ்சு விரலும்மா. என் அக்கா காவேரிப்பட்டணத்துல இருக்கா, பக்கத்து வீட்டுல வாரத்துக்கு வாங்கிக் குடுத்தா."

"பக்கத்து வீட்டுல, ஓசூர் பக்கத்துப் பொண்ணா?"

"ஆமா, உனக்கு எப்படித் தெரியும்?"

என் மகதான். சேவலைக் கீழ வச்சிட்டேன். அவ்வளவு தூரம் போயும் என் பேரன் மொறைதான் கையில வந்து நிக்குது.

"ஏம்மா வச்சிட்ட? அஞ்சு விரல் வம்சம்னா எல்லாரும் போட்டி போட்டுகினு வாங்கறாங்க!"

"அதான் வேணாம்."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. சேவலை எடைக்கு எடுப்பாங்க, நெறத்துக்கு எடுப்பாங்க, ராசி இருக்குதுன்னு வேணாம்னு சொன்னவ நான் ஒருத்திதான் போல. "அப்ப சொந்தபந்தம் இல்லாத அநாதை ஒண்ணு இருக்குது, அதை எடுத்துகினு போறியா?" ன்னு கிண்டலாக் கேட்டா.

"காட்டு" ன்னேன்.

கூடைக்குப் பின்னாடி தனியா கட்டிப் போட்டிருந்தா. கழுத்துல ஒரு எறகு இல்ல கண்ணு. உரிச்ச மாதிரி செவசெவன்னு மொட்டைக் கழுத்து. கிராப்புக் கோழின்னு சொல்லுவாங்க. மலைக்காரர் ஒருத்தர் கொண்டாந்து போட்டுட்டுப் போனாராம், மூணு சந்தையா யாரும் தொடலையாம். அவ சந்தோஷத்தைப் பார்க்கணுமே. கட்டக் கயிறு குடுத்தா, ஒரு கட்டு கீரையும் சேர்த்துக் குடுத்தா, மனசு மாறிடப் போறேன்னு பஸ்ஸு வரைக்கும் கூட வந்து ஏத்தி விட்டா.

பஸ்ஸுல கண்டக்டர் வந்தாரு. ஒயர் கூடையிலேருந்து கழுத்து மட்டும் வெளிய நிக்குது.

"ஆயா, என்னாது இது, பாம்பா?"

"சேவலுப்பா."

"உனக்கு ஃப்ரீ. அதுக்கு டிக்கெட் எடுத்துக்கோ."

"ஏன், எனக்கு ஃப்ரீன்னா என் மடியில இருக்கறதுக்கு இல்லையா?"

"பொட்டையா இருந்தா விட்டுருப்பேன். இது ஆம்பளை."

பஸ்ஸே சிரிக்குது. சரி, சட்டம் சட்டம்தான்னு எடுத்தேன். எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சீட்டைக் கையில வச்சுகினு வந்தேன். ஜோடியா வந்த மாதிரி இருந்துச்சு.

ஊர்ல எறங்கினதும் டீக்கடைக்காரர், "என்னா ஆயா, வழியிலயே பாதி உரிச்சுட்டியா?" ன்னாரு. என் மகன் பார்த்துட்டு நேராப் போய் சிமெண்டு மூட்டையை எண்ணிப் பார்த்துட்டு வந்தான். எதிர் வீட்டுக்காரி வாசல்ல நின்னு பார்த்தா. வாயைத் திறக்கல, ஆனா சிரிப்பை அடக்கறதுக்கு முந்தானையை வச்சுகினா. பொட்டைங்களும் ரெண்டு நாள் கிட்டயே போகல. மூணாம் நாளு எல்லாம் அது பின்னாடியே மேயுதுங்க. பொட்டைங்க மனசு யாருக்குப் புரியும்.

ஒரு மாசம் வச்ச முட்டையெல்லாம் தின்னே தீர்த்தோம். என் மகன் கம்பெனி டிபன் பாக்ஸுல தெனம் முட்டை. கூட வேலை செய்யற ஒடிசாப் பையன், "உங்க வீட்டுல வேற ஒண்ணும் சமைக்கறதில்லையா?" ன்னு கேட்டானாம். அப்புறம் வந்த முட்டையை எடுத்து ஒத்தைப்படையில பதினொண்ணு இந்தக் கூடையில வச்சேன். ஆணி ஒண்ணுதான் வச்சேன். ரத்தம் மாறிடுச்சே, ஒண்ணு போதும்.

நடுவுல என் மகன் ஒரு நாள் செல்லு லைட்டை எடுத்துகினு வந்தான். முட்டைக்கு அடியில பிடிச்சா கரு இருக்குதா இல்லையான்னு தெரியுமாம். தொடவே விடல. இருந்தா சந்தோஷம். இல்லன்னா அன்னிக்கே மேஸ்திரியைக் கூப்பிட்டிருப்பான். தெரியாம இருக்கற வரைக்கும் இது கோழி வாசல்தான?

அந்தப் பொண்ணு மறுபடியும் ஒரு தடவை வந்தா. புது மாப்பிள்ளையைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கழட்டிட்டா. "ஆயா, இது எங்க கிடைச்சுது? இதுங்க வெயிலை நல்லா தாங்கும்" ன்னு அதுக்கும் ஒரு துளி எடுத்தா. கல்லாவியில விக்கறவ எடத்தைச் சொன்னேன், அங்கிருந்து அந்த மலைக்காரரைத் தேடிப் போயிட்டா. மலை மேல வீட்டுக்கு வீடு வேற வேற மாதிரி கோழியாம், அவளுக்கு ஒரே கொண்டாட்டம். போறப்ப, "ஆயா, குஞ்சு பொரிச்சா கழுத்தைப் பாருங்க. மொட்டைக் கழுத்தா வந்தா அப்பா இவன்தான், சந்தேகமே வேணாம்" ன்னா. மனுசங்களுக்கு இந்த வசதி இல்ல பாரு.

எதிர் வீட்டுலயும் போன அடை மொத்தமும் கூமுட்டை. அவ சொல்லல, குப்பையில பார்த்தேன். வந்து கேட்டான்னா இந்த அடையில ஒரு சேவல் குஞ்சு குடுத்துடுவேன். ஆனா அவ வாயைத் திறக்கணுமே. தெனம் காலையில சாணி தெளிக்கிற சாக்குல என் கூடையைத்தான் எட்டிப் பார்க்கறா, எனக்குத் தெரியாதா? வந்து நின்னா...

"யக்கா!"

யாரு? என்னைத்தான் கூப்பிட்டாளா?

"யக்கா, என்னா கதை பேசிகினு உக்காந்திருக்க? உன் பொட்டை எந்திரிச்சு நின்னுகினு இருக்குது பாரு! நான் இங்கேருந்து பார்க்கறேன், பக்கத்துல இருக்கற உனக்குத் தெரியல!"

தமிழ்லயே பேசறா. இந்தா கண்ணு, இந்த மொறத்தைக் கொஞ்சம் பிடி, சிந்திடாத. கூடையைத் தூக்கறேன், நீ அந்தச் சேவல் கிட்ட வராமப் பார்த்துக்கோ. இரு... உஷ்... காதை வச்சுக் கேளு. உள்ள தட்டுது. இதுலயும். இதுல விரிசலே விட்டிருக்குது. அடியே, நீயும்தான் வாயேன்டி, அங்கேயே நின்னுகினு என்னா எட்டிப் பார்க்கற? ஐயோ, ஒண்ணு தலையை வெளிய நீட்டிடுச்சு. கழுத்தைப் பாரு, கழுத்தைப் பாரு, பொட்டு மயிர் இல்ல! கண்ணு, அந்தச் சிமெண்டு மூட்டையை அப்படி ஓரமா நகர்த்து, தண்ணிக் கிண்ணம் வைக்க எடம் வேணும்.